ஒரு கிலோ சாட்டிலைட்டுக்கு ஏழெட்டு டிபார்ட்மென்ட்: மாணவர் ப்ராஜெக்ட்டில் ஆராய்ச்சி கற்றுக்கொள்வது எப்படி?

வீட்டில் ஸ்டீல் இன்ச் டேப் இருக்கிறதா? ஒரு சாண் நீளம் வெளியே இழுத்து, மடக்கிப் பிடித்து, சட்டென்று விடுங்கள். 'டொக்' என்று நேராக நிமிர்ந்து நிற்கும்.

உலகம் முழுக்க மாணவர்கள் செய்து அனுப்பிய பல குட்டி சாட்டிலைட்களில் ஆன்டெனாவாக வேலை பார்த்தது இந்த இன்ச் டேப்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டேப்பை வெட்டி, சாட்டிலைட்டின் உடம்போடு மடித்து வைத்து, மீன்பிடி நைலான் நரம்பால் கட்டிவிடுவார்கள். மேலே போனதும் நரம்பை ஒட்டியிருக்கும் சின்னக் கம்பியில் கரன்ட் பாயும். கம்பி சூடாகி நரம்பு உருகும். 'டொக்'. ஆன்டெனா ரெடி.

கேட்க சிம்பிளாக இருக்கிறது, இல்லையா? ஆனால் இந்த ஒரு 'டொக்'குக்குப் பின்னால் எத்தனை பேர் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள் தெரியுமா? சாட்டிலைட் 437 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசினால், ஆன்டெனா சுமார் 17 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்பார் இ.சி.இ மாணவர். பெட்டியே 10 சென்டிமீட்டர்தான், எங்கே மடிப்பது என்பார் மெக்கானிக்கல். கம்பி சூடாக எவ்வளவு நேரம் எவ்வளவு கரன்ட் வேண்டும், அதற்குள் பேட்டரி படுத்துவிடாதா என்பார் ட்ரிபிள்-இ. ராக்கெட்டிலிருந்து வெளியே விழுந்த உடனே விரியக் கூடாது, குறைந்தது 30 நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தக் கடிகாரத்தை எழுத வேண்டியவர் கம்ப்யூட்டர் சயின்ஸ். நரம்பு குளிரில் எப்படி நடந்துகொள்ளும் என்று ஃபிசிக்ஸ், மெட்டீரியல் சயின்ஸ் ஆட்களைத் தேடிப் போக வேண்டும்.

'இன்டர்டிசிப்ளினரி ரிசர்ச்' என்று உங்கள் காலேஜ் பிரவுஷரில் போட்டிருப்பார்களே, அது நடக்கும் இடம் இதுதான். எந்த சிலபஸிலும் இதற்குத் தனி பேப்பர் கிடையாது. மாணவர்களே கட்டி இழுக்கும் இந்த மாதிரி ப்ராஜெக்ட்களில்தான் இதைக் கற்றுக்கொள்ள முடிகிறது. எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள், எங்கே சொதப்புகிறார்கள், உங்களுக்கு இதில் இடம் இருக்கிறதா... பார்த்துவிடலாம்.

ஸ்டேப்ளர் ப்ராஜெக்ட் தெரியுமா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நாலு டிபார்ட்மென்ட் ஆட்கள் சேர்ந்து வேலை பார்த்தாலே அது துறை தாண்டிய ஆராய்ச்சி ஆகிவிடாது.

நான் ஜர்னலிசம் டிப்ளமோ படிக்கும்போது ஒரு குரூப் ப்ராஜெக்ட். தண்ணீர்ப் பிரச்னை பற்றி. ஒருத்தர் போட்டோ, ஒருத்தர் பேட்டி, ஒருத்தர் டேட்டா. சமர்ப்பிப்பதற்கு முந்தின நாள் ராத்திரி எல்லோரும் அவரவர் பக்கங்களை பிரின்ட் எடுத்து வந்தோம். ஸ்டேப்ளர் அடித்தோம். பேட்டியில் ஒரு பாட்டி சொன்ன விஷயத்துக்கு நேர் எதிராக டேட்டா பக்கத்தில் ஒரு கிராஃப் இருந்தது. அதை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. மார்க்கும் வந்துவிட்டது என்பதுதான் சோகம்.

அது மல்டிடிசிப்ளினரி. பல துறை ஆட்கள், பக்கத்துப் பக்கத்தில். பாட்டி சொன்னதைக் கேட்டு டேட்டாக்காரர் தன் கிராஃபை மறுபடி போட்டிருந்தால், அதைப் பார்த்துவிட்டு நாங்கள் பாட்டியிடம் திரும்பப் போய் வேறு கேள்வி கேட்டிருந்தால், அது இன்டர்டிசிப்ளினரி. அதாவது, உங்கள் விடை என் கேள்வியை மாற்ற வேண்டும். மாற்றவில்லை என்றால் நாம் ஸ்டேப்ளர்தான் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

பொம்மை டப்பாவில் தொடங்கிய கதை

1999-ல் அமெரிக்காவில் இரண்டு பேராசிரியர்கள், ஸ்டான்ஃபோர்டின் பாப் ட்விக்ஸ், கால் பாலியின் ஜோர்டி புய்க்-சுவாரி. மாணவர்கள் படிப்பு முடிவதற்குள் ஒரு சாட்டிலைட்டை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை செய்து பார்க்க வேண்டும் என்பது இவர்கள் ஆசை. பெரிசாகச் செய்தால் முடியாது. எவ்வளவு சின்னதாக இருக்கலாம் என்று ட்விக்ஸ் தேடியபோது, அவர் கண்ணில் பட்டது 'பீனி பேபி' பொம்மையை வைத்து விற்கும் பிளாஸ்டிக் டப்பா. அந்த அளவில் சோலார் செல் ஒட்டினால் போதுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். அப்படிப் பிறந்ததுதான் 'கியூப்சாட்'. 10 சென்டிமீட்டர் கனசதுரம், சுமார் ஒரு கிலோ.

2003 ஜூன் 30 அன்று ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் தளத்திலிருந்து முதல் கியூப்சாட்கள் கிளம்பின. டோக்கியோ பல்கலைக்கழக மாணவர்களின் சாட்டிலைட் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தது. டென்மார்க்கின் ஆல்போர்க் மாணவர்கள் செய்தது சில மாதங்களிலேயே பேட்டரி பிரச்னையில் அடங்கிப்போனது. அதே டென்மார்க்கின் இன்னொரு பல்கலைக்கழகம் செய்தது, ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஒரே ராக்கெட், மூன்று தலையெழுத்து.

நம்ம ஊர்க் கதை? 2009 ஏப்ரல் 20-ல் பி.எஸ்.எல்.வி சி-12-ல் போன 'அனுசாட்', இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் சாட்டிலைட். குரோம்பேட்டை எம்.ஐ.டி வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகம் செய்தது. 40 கிலோ. அடுத்த வருஷம் ஜூலை 12-ல் 'ஸ்டட்சாட்', பெங்களூரு, ஹைதராபாத் நகரங்களைச் சேர்ந்த ஏழு இன்ஜினீயரிங் கல்லூரிகளின் மாணவர்கள் சேர்ந்து செய்த, ஒரு கிலோவுக்கும் குறைவான குட்டி. 2011-ல் கான்பூர் ஐ.ஐ.டியின் 'ஜுக்னு'வும் காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்மின் 'எஸ்.ஆர்.எம்சாட்'டும் ஒரே ராக்கெட்டில் போயின. 2016 ஜூனில் சென்னை சத்யபாமாவின் சாட்டிலைட்டும் புனே இன்ஜினீயரிங் கல்லூரியின் 'ஸ்வயம்' சாட்டிலைட்டும். 2017-ல் கன்னியாகுமரி மாவட்டம் குமாரகோவிலிலிருந்து 'நியூசாட்'. சாட்டிலைட் என்றால் இஸ்ரோ மட்டும்தான் என்று நினைக்கிற மாமாக்களுக்கு இந்தப் பட்டியலை ஃபார்வர்டு பண்ணுங்கள்.

இவை எல்லாமே ஒரே அளவுக்கு 'மாணவர்களே நடத்தியது' அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிலவற்றில் பேராசிரியர்கள் முன்னால் நின்றார்கள், மாணவர்கள் கூட உழைத்தார்கள். சிலவற்றில் மாணவர்கள் முடிவெடுத்தார்கள், பேராசிரியர்கள் கையெழுத்துப் போட்டார்கள். நாம் பேசப்போவது இரண்டாவது வகையைப் பற்றித்தான் அதிகம்.

ரெண்டு வாட்டுக்கு நடக்கும் சண்டை

கியூப்சாட் டீமில் சேர்ந்த யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது 'பவர் பட்ஜெட்'. ஒரு லிட்டர் பால் பாக்கெட் எடையுள்ள பெட்டி. அதன் மேலே ஒட்டிய சோலார் செல்களிலிருந்து வெயிலில் கிடைப்பது சுமார் ரெண்டு வாட். உங்கள் போன் சார்ஜர் தருவதைவிடக் குறைவு. அதுவும் எப்போதும் கிடையாது. பூமியை ஒரு சுற்று வர 95 நிமிஷம் மாதிரி ஆகும். அதில் 35 நிமிஷம் பூமியின் நிழலில், கும்மிருட்டில்.

இந்த ரெண்டு வாட்டுக்கு எல்லோரும் கை நீட்டுகிறார்கள். ரேடியோ டீம் சிக்னல் பலமாகப் போக வேண்டும் என்கிறது. கேமரா டீம் இன்னும் பத்து படம் எடுத்துக்கொள்கிறோம் என்கிறது. இருட்டில் பேட்டரி உறைந்துவிடும், ஹீட்டர் வேண்டும் என்கிறது தெர்மல் டீம். எல்லோர் சொல்வதும் நியாயம். எல்லோர் கணக்கையும் கூட்டினால் ஆறு வாட் வருகிறது.

இப்போது என்ன செய்வது? சத்தமாகப் பேசுகிறவர் ஜெயிப்பது ஒரு வழி. நிறைய டீம்களில் அதுதான் நடக்கிறது. சீனியர் எந்த டிபார்ட்மென்ட்டோ, அந்த டிபார்ட்மென்ட்டுக்கு வாட். இன்னொரு வழி, கேள்வியையே மாற்றுவது.

புனே மாணவர்களின் ஸ்வயம் இதற்கு நல்ல உதாரணம். சாட்டிலைட் விண்வெளியில் கன்னாபின்னாவென்று உருளும். ஆன்டெனா தரையைப் பார்க்க வேண்டும் என்றால் அதைத் திருப்பி நிறுத்த வேண்டும். வழக்கமாக இதற்கு மோட்டாரோ மின்காந்தமோ வைப்பார்கள். இரண்டும் கரன்ட் குடிக்கும். இவர்கள் உள்ளே சாதாரண நிரந்தரக் காந்தத்தை வைத்தார்கள். திசைகாட்டி முள் மாதிரி, சாட்டிலைட்டே பூமியின் காந்தப்புலத்தோடு ஒட்டித் திரும்பிக்கொள்ளும். ஆட்டம் நிற்காதே? அதற்கு 'ஹிஸ்டெரிசிஸ் ராடு' எனப்படும் உலோகக் குச்சிகள். ஆட்டத்தின் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று வெப்பமாக்கிவிடும். செலவான கரன்ட்? பூஜ்யம்.

ஆனால் பாருங்கள், இது இலவசம் இல்லை. காந்தம் எந்தப் பக்கம் திருப்புகிறதோ அந்தப் பக்கம்தான் சாட்டிலைட் பார்க்கும், நீங்கள் நினைத்த பக்கம் பார்க்காது. அப்படியானால் ஆன்டெனாவை எந்த முகத்தில் வைப்பது? நம் ஊர் வானத்தில் காந்தப்புலம் எந்தச் சாய்வில் இருக்கிறது? ரேடியோக்காரர் புவிகாந்தவியல் படிக்க வேண்டும். மெக்கானிக்கல் ஆள் பக்கத்து சர்க்யூட்டை அந்தக் காந்தம் கெடுக்குமா என்று எலக்ட்ரானிக்ஸ் ஆளிடம் போய் உட்கார வேண்டும். ஒருவர் எடுத்த முடிவு நாலு பேரின் பாடத்தை மாற்றுகிறது. மேலே சொன்ன 'உங்கள் விடை என் கேள்வியை மாற்ற வேண்டும்' என்பது இதைத்தான்.

'லோடு' என்றால் என்ன?

வெவ்வேறு துறைக்காரர்கள் சேர்ந்தால் வரும் முதல் பிரச்னை, அறிவு இல்லை. வார்த்தை. 'லோடு' என்று சொன்னால் சிவில், மெக்கானிக்கல் ஆட்களுக்கு அது எடை, விசை. ட்ரிபிள்-இ ஆளுக்கு அது கரன்ட் இழுக்கும் கருவி. கம்ப்யூட்டர் ஆளுக்கு சர்வரின் பளு. ஒரு மீட்டிங்கில் மூன்று பேரும் 'லோடு ஜாஸ்தி' என்று தலையாட்டிவிட்டு, மூன்று வெவ்வேறு வேலையைச் செய்துவிட்டு வர முடியும்.

சிரிக்காதீர்கள். நாசாவுக்கே நடந்தது. மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் ஒன்பது மாதத்துக்கு மேல் பயணம் செய்து 1999 செப்டம்பர் 23-ல் செவ்வாயை எட்டியது, தொலைந்தும் போனது. ஒரு டீமின் சாஃப்ட்வேர் உந்துவிசைக் கணக்கை பவுண்டு அலகில் கொடுத்தது. வாங்கிய டீம் அது நியூட்டன் அலகில் இருப்பதாக எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் நாலரை மடங்கு வித்தியாசம். இரு டீம்களும் தங்கள் துறையில் கெட்டிக்காரர்கள்தான். தப்பு நடந்தது இருவருக்கும் நடுவில்.

இந்த 'நடுவில்' இருக்கும் இடத்துக்காகவே ஒரு ஆவணம் எழுதுவார்கள். பெயர், இன்டர்ஃபேஸ் கன்ட்ரோல் டாக்குமென்ட். நான் உங்களுக்கு என்ன தருவேன், எந்த அலகில், எந்த ஒயரில், எத்தனை வோல்ட்டில், எந்த ஸ்க்ரூ ஓட்டை வழியாக... எல்லாம் அதில் இருக்கும். எழுத பயங்கர போர். இரண்டாம் வருஷ மாணவர் யாரும் இதற்காக டீமில் சேர்வதில்லை. எல்லோருக்கும் கேமராதான் வேண்டும். ஆனால் என்னைக் கேட்டால், மொத்த ப்ராஜெக்ட்டிலும் அதிகம் கற்றுத்தருவது இந்தக் காகிதம்தான். அதை எழுத, பக்கத்து டீமின் வேலை உங்களுக்குப் பாதியாவது புரிந்திருக்க வேண்டும்.

ராக்கெட்டுக்கு முன்னால் ஃபேர்வெல் வந்துவிடும்

மாணவர் ப்ராஜெக்ட்டுகளுக்கு டெக்னாலஜியைவிடப் பெரிய எதிரி ஒன்று உண்டு. கான்வகேஷன்.

மும்பை ஐ.ஐ.டி மாணவர்களின் 'பிரதம்' சாட்டிலைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அயனமண்டலத்தில் எலக்ட்ரான்கள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன என்று அளப்பது நோக்கம். ரேடியோ அலை அந்த அடுக்கைத் தாண்டும்போது லேசாகத் திருகும், திருகலை அளந்தால் எலக்ட்ரான் கணக்கு கிடைக்கும். உங்கள் போனின் ஜி.பி.எஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டுவதற்கும் இந்த எலக்ட்ரான்களுக்கும் சம்பந்தம் உண்டு. நல்ல ஐடியா. பிரதம் ஏவப்பட்டது 2016 செப்டம்பர் 26-ல், பி.எஸ்.எல்.வி சி-35-ல். அந்த வேலை ஆரம்பித்து அதற்குள் எட்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பி.டெக் நாலு வருஷம். கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். தொடங்கியவர்கள் வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, சிலர் குழந்தையோடு டி.வியில் லான்ச் பார்த்திருப்பார்கள்.

அப்படியானால் அந்த அறிவு எங்கே போகும்? ஒருவர் தலையில் இருந்தால் அவரோடு போய்விடும். 'இந்த ரெசிஸ்டரை ஏன் மாத்தினோம்?' என்று மூன்று வருஷம் கழித்து ஒரு ஜூனியர் கேட்பார். பதில் சொல்ல வேண்டியவர் அமெரிக்காவில் தூங்கிக்கொண்டிருப்பார். ஜூனியர் பழைய ரெசிஸ்டரையே திரும்பப் போடுவார். சீனியர் பேட்ச் மூன்று மாதம் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த தப்பு, மறுபடி உயிர்பெறும்.

இதற்கு நல்ல டீம்கள் செய்யும் காரியம் ஒன்று உண்டு. 'என்ன செய்தோம்' என்பதோடு 'எதை முயன்று கைவிட்டோம், ஏன்' என்பதையும் தேதி போட்டு எழுதுகிறார்கள். ஃபைனல் இயர் ஆட்கள் கடைசி செமஸ்டரில் புது வேலை எடுக்காமல், ஜூனியரைச் செய்யவிட்டு பக்கத்தில் உட்காருகிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் 'வி.ஐ.பி' என்றே ஒரு பாடத்திட்ட முறை இருக்கிறது. வெர்டிகலி இன்டகிரேட்டட் ப்ராஜெக்ட்ஸ். இரண்டாம் வருஷத்தில் சேர்ந்தவர் அதே டீமில் பல செமஸ்டர் தொடரலாம், ஒவ்வொன்றுக்கும் கிரெடிட் உண்டு. பேராசிரியரின் நீண்டகால ஆய்வோடு டீம் கட்டப்பட்டிருப்பதால், ஆட்கள் மாறினாலும் வேலை நிற்காது. நம் ஊரில் பெரும்பாலும் இதே வேலையை மாணவர்கள் ராத்திரி ஹாஸ்டல் கேட் மூடுவதற்குள் செய்கிறார்கள், அட்டெண்டன்ஸுக்குப் பயந்துகொண்டு.

இன்ஜினீயரிங் இல்லாதவர்களுக்கு?

'சார், நான் பி.ஏ' என்று இந்தப் பக்கத்தை மூடப் பார்க்கிறீர்களா? இருங்கள்.

ஐ-ஜெம் என்று ஒரு சர்வதேசப் போட்டி இருக்கிறது. நுண்ணுயிர்களின் டி.என்.ஏவை மாற்றி அமைத்து அவற்றை ஒரு வேலை செய்யவைக்கும் செயற்கை உயிரியல் போட்டி. 2003-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டியில் ஜனவரி மாதக் குட்டி வகுப்பாகத் தொடங்கியது. 2004-ல் ஐந்து அணிகளோடு போட்டியானது. இன்று உலகம் முழுவதிலிருந்தும் நூற்றுக்கணக்கான அணிகள். சென்னை ஐ.ஐ.டி அணிகளும் போயிருக்கின்றன.

2009-ல் இதில் முதல் பரிசு வாங்கியது கேம்பிரிட்ஜ் மாணவர்களின் 'ஈ குரோமி'. நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவைப் பல வண்ணங்களில் நிறமி சுரக்கவைத்தார்கள். லேபில் அதோடு முடிந்திருக்கும். கூட இரண்டு டிசைனர்கள் சேர்ந்தார்கள். 'சரி, கலர் வருது. யாருக்கு? எதுக்கு? எங்கே பார்ப்பாங்க?' என்று கேட்டார்கள். அதிலிருந்து பிறந்த ஒரு கற்பனை: நீங்கள் ஒரு பானத்தைக் குடிக்கிறீர்கள், உள்ளே நோய் அறிகுறி இருந்தால் மறுநாள் காலைக்கடனின் நிறம் அதைச் சொல்லிவிடும். அந்த நிறங்களை ஒரு சூட்கேஸுக்குள் மாடலாக அடுக்கிக் காட்டினார்கள். ஆமாம், அதேதான். பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள், அப்புறம் யோசித்தார்கள். பயாலஜி மாணவர்கள் மட்டும் இருந்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

இந்தப் போட்டியில் எனக்கு ரொம்பப் பிடித்த விதி இரண்டு. உங்கள் ப்ராஜெக்ட் வெளி உலகத்தில் யாரைப் பாதிக்கும் என்று மக்களிடம் போய்ப் பேசி, அந்தப் பேச்சு உங்கள் டிசைனை எப்படி மாற்றியது என்று காட்ட வேண்டும். சமூகவியல், சட்டம், ஜர்னலிசம் படித்தவர்களின் வேலை இது. இன்னொன்று, எந்த வேலையை யார் செய்தார்கள், யாரிடம் உதவி வாங்கினீர்கள் என்று தனிப் பக்கத்தில் வெளிப்படையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் மெடல் கிடையாது.

இந்த இரண்டாவது விதியை நம் கல்லூரிகள் அப்படியே காப்பி அடிக்கலாம். டீம் ப்ராஜெக்ட்டில் கசப்பு வருவது பெரும்பாலும் இங்கேதான். ராத்திரி பூரா சால்டரிங் செய்தவர் ஒருத்தர், மேடையில் மைக் பிடிப்பவர் இன்னொருத்தர். டாக்குமென்ட் எழுதிய பெண்ணுக்கு 'ரிப்போர்ட் வேலை அவங்க பார்த்துக்கிட்டாங்க' என்று ஒரு வரி. போன பிறகு சண்டை போடுவதைவிட, முதல் மாதமே ஒரு ஷீட் திறந்து வாரா வாரம் யார் என்ன செய்தார்கள் என்று எழுதி வையுங்கள். கேவலமாகத் தோன்றும். பரவாயில்லை, பிறகு கைகொடுக்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஐ-ஜெம் பதிவுக் கட்டணமே சில லட்சம் ரூபாய். ஸ்பான்சர் தேடுவதும் ப்ராஜெக்ட்டின் பாதி வேலை. காமர்ஸ் மாணவர்களே, இடம் உங்களுக்குக் காலியாக இருக்கிறது.

ராக்கெட்டும் லேபும் இல்லாமல்

சாட்டிலைட், டி.என்.ஏ எல்லாம் உங்கள் காலேஜில் நடக்கிற காரியமா என்று தோன்றலாம். சரி, பஸ் ஸ்டாப்புக்கு வாருங்கள்.

இப்படி ஒரு ப்ராஜெக்ட் யோசித்துப் பாருங்கள். உங்கள் கல்லூரி வாசல் பஸ் ஸ்டாப்பில் மே மாதம் உண்மையில் எவ்வளவு சூடு? ஃபிசிக்ஸ் மாணவர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வெப்ப-ஈரப்பத சென்சார் வாங்கி வைக்கிறார். மத்தியானம் 48 டிகிரி காட்டுகிறது. ஜியாகிரபி மாணவர் அதைப் பார்த்து, 'நேர் வெயில்ல வெச்சா அது காத்தோட சூட்டைக் காட்டாது, சென்சாரோட சூட்டைத்தான் காட்டும்' என்கிறார். வெள்ளை நிறத்தில் காற்றோட்டமுள்ள கூடு செய்து மாட்டுகிறார்கள். எண் இறங்குகிறது. இதற்குள் சோஷியாலஜி மாணவி அங்கே பூ கட்டுகிற அக்காவிடம் பேசிவிட்டு வருகிறார். 'மத்தியானம் ரெண்டு மணி பரவால்ல தம்பி, நாலு மணிக்குத்தான் மேல தகரம் இறங்கி அடிக்குது, அப்பதான் எழுந்து போயிடுவேன்.'

டீம் இதுவரை மதியம்தான் அளந்திருக்கிறது. அதுவும் காற்றை மட்டும். கூரையிலிருந்து இறங்கும் வெப்பக் கதிரை யாரும் அளக்கவில்லை. இனி சென்சாரும் மாற வேண்டும், நேரமும் மாற வேண்டும். ஃபிசிக்ஸ் மாணவர் கதிர்வீச்சு வெப்பம் பற்றிப் படிக்க வேண்டும், சோஷியாலஜி மாணவி இன்னும் பத்துப் பேரிடம் எத்தனை மணிக்கு எழுந்து போகிறார்கள் என்று ஒரே மாதிரி கேட்டுக் குறிக்க வேண்டும். மொத்தச் செலவு ஒரு சினிமா அவுட்டிங் அளவுதான். ஆனால் ரெண்டு வாட்டுக்கு நடந்த அதே சண்டை, அதே பாடம்.

பணம் வேண்டுமென்றால், தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ப்ராஜெக்ட்டுகளுக்கு உதவித்தொகைத் திட்டம் வைத்திருக்கிறது. கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அறிவிப்பு எப்போது வருகிறது என்று டிபார்ட்மென்ட்டில் கேட்டு வையுங்கள். நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதற்குள் கடைசித் தேதி முடிந்துவிடும், உங்களுக்கே தெரியும்.

விண்வெளிதான் வேண்டும் என்கிறவர்களுக்கு 'சாட்நாக்ஸ்' இணையதளம். உலகெங்கும் ஆர்வலர்கள் வீட்டு மொட்டைமாடியில் வைத்த ரிசீவர்கள் சாட்டிலைட் சிக்னல்களைப் பதிவுசெய்து அதில் போடுகின்றன. காசு இல்லாமல் யாரும் பார்க்கலாம், கேட்கலாம். அடுத்த படி, அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ். மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வு. 12 வயது ஆனாலே எழுதலாம். கல்லூரி சாட்டிலைட் டீம்களில் தரைநிலையத்தை இயக்க இந்த லைசென்ஸ் இருப்பவருக்கு எப்போதும் மவுசு. எந்த மேஜர் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை

புது வருஷம் தொடங்கியதும் கிளப் ஸ்டால்கள் போடுவார்கள். போஸ்டர் பளபளப்பாக இருக்கும். போஸ்டரைப் பார்க்காதீர்கள். போன வருஷ டாக்குமென்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். எடுத்துக்காட்ட முடியாமல் 'அது டிரைவ்ல எங்கேயோ இருக்கு' என்றால், நீங்கள் முதல் வருஷம் முழுக்க அதைத் தேடுவீர்கள் என்று அர்த்தம்.

ஒரே டிபார்ட்மென்ட் ஆட்களா என்று பாருங்கள். கலந்திருந்தால், கடைசியாக எந்த முடிவில் ஒரு டீம் இன்னொரு டீமுக்காக விட்டுக்கொடுத்தது என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியவில்லையா... ஸ்டேப்ளர். பெண்கள் எல்லோரும் 'பி.ஆர் அண்டு டாக்குமென்டேஷன்' பக்கத்திலேயே இருக்கிறார்களா என்றும் கவனியுங்கள். இது தற்செயலாக நடப்பதில்லை.

வீட்டுக்கு ஒரு பதில் தயார் செய்துகொள்ளுங்கள். 'இதுக்கு மார்க் உண்டா?' என்று அப்பா கேட்பார். பெரும்பாலான கல்லூரிகளில் இல்லை என்பதுதான் நேர்மையான பதில். சில இடங்களில் மினி ப்ராஜெக்ட், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டாக இதையே காட்ட அனுமதிக்கிறார்கள். சேரும் முன்பே எச்.ஓ.டியிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள், வாய்வார்த்தை அடுத்த எச்.ஓ.டிக்குத் தெரியாது. அரியர் இருந்தால் முதலில் அதை முடியுங்கள். டீம் உங்களுக்காகக் காத்திருக்கும். செமஸ்டர் காத்திருக்காது.

சேர்ந்த முதல் வாரம், உங்கள் டிபார்ட்மென்ட் இல்லாத ஒருவரைத் தேடிப் பிடித்து டீக்கடைக்குக் கூட்டிப் போங்கள். உங்கள் வேலையில் தினம் புழங்கும் பத்து வார்த்தைகளை ஒரு பேப்பரில் எழுதி அவரிடம் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் அவர் என்ன நினைக்கிறார் என்று சொல்லச் சொல்லுங்கள். 'லோடு' அதில் கட்டாயம் இருக்கட்டும். டீ செலவு உங்களுடையது.